பெட்டி மௌன விரதம் இருந்தால்...

உங்கள் வீட்டில் கம்ப்யூட்டர் இருக்கிறதா? இருந்தால், அது எப்போதாவது உங்களோடு 'டூ' விட்டதுண்டா? பாதிக் கடிதம் எழுதிக் கொண்டிருப்பீர்கள். திடீரென்று திரை சித்திரம் போல் நின்று விடும். மௌஸைத் தள்ளினால் அம்பு நகராது. எழுத்தைத் தட்டினால் விழாது. கோபம் கொண்ட மாப்பிள்ளை போல் விறைத்து நிற்கும். 'ஹேங் ஆகி விட்டது' என்று பிள்ளைகள் சொல்வார்கள். பிறகு சுவிட்சை அணைத்து, மறுபடி போட்டு, எழுதிய கடிதத்தைப் பறி கொடுத்து விட்டு முதலிலிருந்து தொடங்குவீர்கள்.

ஒரு நாள் நடந்தால் போகட்டும் என்று விடலாம். தினம் தினம் நடந்தால்? அதைப் பற்றித்தான் இந்த வாரம் உங்களோடு பேசப் போகிறேன்.

செப்டம்பர் 14-ந் தேதி திருச்சிலுவைத் திருவிழாவைப் பார்க்க மணப்பாட்டுக்குப் போயிருந்தேன். திருச்செந்தூருக்குத் தெற்கே, குலசேகரன்பட்டினத்தையும் தாண்டினால், கடலுக்குள் மூக்கை நீட்டிக் கொண்டிருக்கும் ஒரு மணல் குன்று வரும். அதன் உச்சியில் 1581-ம் ஆண்டுக் கோயில். கீழே, 1542-ல் வந்த சவேரியார் தங்கியிருந்த குகை. மூன்று பக்கமும் கடல். அந்தக் காற்றில் பத்து நிமிஷம் நின்றால் போதும், உதட்டை நாக்கால் தொட்டால் உப்புக் கரிக்கும். இந்த உப்பை மறந்து விடாதீர்கள். நம் கதையில் இதற்கு முக்கியமான பாகம் இருக்கிறது.

நான் தங்கியிருந்த வீட்டுக்கார அம்மாள் ஓய்வு பெற்ற பள்ளிக்கூட டீச்சர். கணவர் காலமாகி விட்டார். அவர் இருந்தவரையில் கையில் காமிராவோடுதான் திரிவாராம். ஊரில் எந்த வீட்டில் கல்யாணம், எந்தக் குழந்தைக்குப் புதுநன்மை, எந்த வருஷத் திருவிழாவில் யார் யார் வந்தார்கள் என்று பத்து வருஷத்துப் படம் முழுவதும் அந்த வீட்டுக் கம்ப்யூட்டரில் இருந்தது. வேறெங்கும் இல்லை. அதுதான் விஷயமே.

நான் போய்ச் சேர்ந்த மறுநாள் காலை, அடுத்த தெருப் பெண் ஒருத்தி வந்தாள். அவள் புருஷன் இறந்து ஒரு வருஷம் ஆகப் போகிறது. ஆண்டு நினைவு அட்டையில் போட ஒரு படம் வேண்டும். நல்ல படம் என்று சொல்லிக் கொள்ள ஒன்றே ஒன்றுதான் உண்டு. அது டீச்சரின் கம்ப்யூட்டருக்குள் இருந்தது.

"நானும் நாலு நாளா எடுத்துக் குடுக்கணும்னு பாக்கேன் தம்பி. அந்தப் படம் இருக்கிற இடத்தைத் திறந்தாலே பெட்டி அசைய மாட்டேங்கு. பக்கத்து வீட்டுப் பையன் பார்மட் அடிச்சிரலாம்னு சொல்லுதான். அடிச்சிரட்டுமா?" என்று கேட்டார் டீச்சர்.

எனக்குத் தூக்கி வாரிப் போட்டது!

வாசக சகோதரிகளே, 'பார்மட்' என்பது என்ன தெரியுமா? சிலேட்டைத் துடைப்பது. சிலேட்டில் கிறுக்கல் இருந்தால் துடைக்கலாம். அப்பாவின் கையெழுத்து இருந்தால் துடைப்போமா? நல்ல வேளையாக அந்தப் பையனுக்கு அன்று பரீட்சை, வரவில்லை. கம்ப்யூட்டர் வைத்தியத்தில் முதல் பாடம் இதுதான்: பெட்டி பிழைப்பது இரண்டாவது, பெட்டிக்குள் இருப்பது பிழைப்பது முதலாவது. புதுப் பெட்டி கடையில் கிடைக்கும். பழைய படம் எந்தக் கடையில் கிடைக்கும்?

நல்ல வைத்தியர் வந்ததும் மருந்துச் சீட்டை எடுக்க மாட்டார். 'எப்போது காய்ச்சல் வருகிறது? என்ன சாப்பிட்டாய்?' என்று கேட்பார். நானும் அதையே கேட்டேன். டீச்சர் உள்ளே போய் ஒரு நோட்டுப் புத்தகத்தோடு வந்தார். முப்பது வருஷம் வருகைப் பதிவேடு எழுதிய கை அல்லவா? கம்ப்யூட்டர் நின்ற தேதி, மணி, அப்போது என்ன செய்து கொண்டிருந்தார் என்று பத்து நாளுக்கு எழுதி வைத்திருந்தார்! அந்த நோட்டைப் பார்த்ததுமே பாதி வேலை முடிந்தது போலத்தான்.

நோட்டு சொன்னது இது. காலை ஆறு மணிக்குப் போட்டால் ஒன்றரை மணி நேரம் ஒழுங்காக ஓடுகிறது. பகல் இரண்டு மணிக்குப் போட்டால் இருபது நிமிஷத்தில் நின்று விடுகிறது. ஆனால் படங்கள் இருக்கும் ஓர் இடத்தைத் திறந்தால் மட்டும், காலையானாலும் சரி, பகலானாலும் சரி, உடனே நின்று விடுகிறது. அப்போது உள்ளே 'டிக்... டிக்...' என்று ஒரு சத்தமும் கேட்கிறது.

கவனித்தீர்களா? இது ஒரு வியாதி இல்லை, இரண்டு. நேரத்தைப் பொறுத்து வருவது உஷ்ணத்தின் வேலை. இடத்தைப் பொறுத்து வருவது, படங்களைச் சேமித்து வைக்கும் ஹார்ட் டிஸ்க்கின் வேலை. இரண்டையும் ஒன்றாக எண்ணிக் குழப்பிக் கொண்டதால்தான் யாருக்கும் பிடிபடவில்லை.

இப்படி எழுதி வைத்துப் பார்ப்பதும், கோளாறை மறுபடி வரவழைத்துப் பார்ப்பதும் பெரிய பெரிய விஞ்ஞானிகள் செய்கிற காரியம். 1997 ஜூலை 4-ந் தேதி அமெரிக்காவின் 'பாத்ஃபைண்டர்' செவ்வாய்க் கிரகத்தில் இறங்கியது. சில நாளில் அதன் கம்ப்யூட்டர் தானாகவே அணைந்து அணைந்து மறுபடி தொடங்க ஆரம்பித்து விட்டது. கோடி கோடி மைலுக்கு அப்பால் போய் யார் தட்டிப் பார்ப்பது? பூமியிலேயே அதே மாதிரி இன்னொரு யந்திரத்தை ஓட்டி, அதே கோளாறை வரவழைத்துப் பிடித்தார்கள்.

கோளாறு என்ன? நம் வீட்டு வழக்கில் சொல்கிறேன். கூட்டுக் குடும்பம், ஒரே ஓர் ஆட்டுக்கல். வீட்டின் கடைக்குட்டிப் பெண் அதில் மாவாட்ட உட்காருகிறாள். மாமியாருக்கு அவசரமாக ஆட்டுக்கல் வேண்டும். அவள் முடித்து எழுந்தால்தானே? இதற்குள் நாத்தனார்கள் ஆளுக்கு ஆள், 'தண்ணீர் கொண்டு வா', 'துணியை மடி' என்று அவளை விரட்டுகிறார்கள். மாவும் ஆடவில்லை, கல்லும் காலியாகவில்லை. காத்துக் காத்துப் பொறுமை இழந்த தாத்தா, 'எல்லோரும் காலையிலிருந்து மறுபடி ஆரம்பியுங்கள்!' என்று கத்தி விடுகிறார். செவ்வாயில் நடந்தது அச்சாக இதுதான். அங்கே கடைக்குட்டி, வானிலைக் கணக்கெடுக்கும் ஒரு சிறு வேலை. 'கல்லை விட்டு எழுந்திருக்கும் வரையில் இந்தப் பெண்ணுக்கு மாமியாரின் அந்தஸ்து. யாரும் அவளைக் கூப்பிடக் கூடாது' என்று ஒரு சின்ன உத்தரவை ரேடியோ மூலம் அனுப்பினார்கள். பிறகு கோளாறு இல்லை. மணப்பாட்டுக்குப் பக்கத்தில் குலசேகரன்பட்டினத்தில் ராக்கெட் ஏவுதளத்துக்கு 2024 பிப்ரவரி 28-ந் தேதி அடிக்கல் நாட்டினார்களே, அங்கும் கம்ப்யூட்டர்கள் வரத்தான் போகின்றன. ராக்கெட்டுக்கு ஒரு நியாயம், டீச்சர் வீட்டுக்கு ஒரு நியாயமா? நோட்டுப் புத்தகம் இரண்டுக்கும் பொது!

சரி, உஷ்ணத்துக்கு வருவோம். டீச்சரின் கம்ப்யூட்டர் இருந்த கோலத்தைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது. சி.பி.யூ. பெட்டி, மேஜைக்கு அடியில் கதவு போட்ட அலமாரிக்குள் இருந்தது. அதன் மேல், டீச்சர் தம் கையால் பூ வேலை செய்த அழகான உறை, ஓடும்போதும் கழற்றுவதில்லை! பகல் இரண்டு மணி வெயிலில் கம்பளி போர்த்தி, அறைக்குள் பூட்டி வைத்தால் மனிதனே மயங்கி விழுவானே, யந்திரம் விழாதா? உள்ளே இருக்கும் மூளைச் சில்லு நூறு டிகிரி சென்டிகிரேடை நெருங்கினால், தன்னைக் காப்பாற்றிக் கொள்ள வேகத்தைக் குறைக்கும். அதற்கும் மேல் போனால் நின்றே விடும்.

உறையைக் கழற்றினோம். பெட்டியை வெளியே எடுத்துச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வைத்தோம். ஒரு மேஜை விசிறியை அதன் பக்கம் திருப்பினோம். காலணாச் செலவில்லை. அன்று பகல் இருபது நிமிஷத்தில் நிற்கவில்லை. ஒரு மணி நேரம் தாண்டியும் ஓடியது.

ஆனால் பெட்டியைப் பிரித்துச் சுத்தம் செய்யும் வேலையை நாங்கள் உடனே தொடங்கவில்லை. முதலில் படங்கள். 'டிக் டிக்' என்று சத்தம் போடும் ஹார்ட் டிஸ்க் நாள் எண்ணிக் கொண்டிருக்கும் நோயாளி. அதைப் 'பரிசோதிக்கிறேன், பழுது பார்க்கிறேன்' என்று மணிக்கணக்கில் உருட்டினால் பரிசோதனையிலேயே பிராணன் போய் விடும். ஆகவே வெளியில் செருகும் வேறொரு டிஸ்க்கை வாங்கி வரச் செய்தோம். மறுநாள் விடியற்காலை, குளிர்ச்சியான வேளையில் பிரதி எடுக்க உட்கார்ந்தோம்.

இதிலும் ஒரு முறை உண்டு. மிகவும் வேண்டியது முதலில். எல்லாவற்றையும் மொத்தமாக இழுக்காமல், கொஞ்சம் கொஞ்சமாக. எந்தப் படத்தில் நிற்கிறதோ அதை விட்டு விட்டு அடுத்ததற்குப் போக வேண்டும். முதலில் எடுக்க வேண்டியது எது என்பதில் டீச்சருக்குச் சந்தேகமே இல்லை. தம் கணவர் படத்தையல்ல, அடுத்த தெருப் பெண்ணின் புருஷன் படத்தைத்தான் தேடினார். முதல் தடவை பெட்டி நின்று விட்டது. இரண்டாம் தடவையும் நின்றது. மூன்றாம் தடவை, அந்த இடத்தைப் படமாகத் திறக்காமல் பெயர்ப் பட்டியலாக மட்டும் திறந்து, அந்த ஒரு படத்தை மட்டும் நகல் எடுத்தோம். வந்து விட்டது! வள்ளத்தின் ஓரத்தில் உட்கார்ந்து, வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிச் சிரிக்கும் ஒரு மனிதர். டீச்சர் ஒன்றும் பேசவில்லை. எழுந்து போய் வாசலில் நின்று அந்தப் பெண்ணைக் குரல் கொடுத்துக் கூப்பிட்டார்.

மற்றப் படங்களை எடுக்க இரண்டு காலைகள் ஆயின. நாற்பது படங்களுக்கு மேல் வரவேயில்லை. அவற்றில் ஒரு திருவிழாவின் தேர்ப் படம் முழுவதும் போய் விட்டது. பார்மட் செய்திருந்தால் அத்தனையும் போயிருக்கும். முன்பே ஒரு பிரதி எடுத்து வைத்திருந்தால் ஒன்றுகூடப் போயிருக்காது. எந்த வீட்டிலும் படங்களுக்கு இரண்டு பிரதிகள் வேண்டும். இரண்டும் இரண்டு இடத்தில் இருக்க வேண்டும். ஒன்று உங்கள் வீட்டில், இன்னொன்று தங்கை வீட்டில் என்று இருந்தாலும் போதும்.

பிறகுதான் பெட்டியைத் திறந்தோம். மின் இணைப்பைப் பிடுங்கி விட்டு, சுவிட்சைச் சில விநாடி அழுத்தி மிச்ச மின்சாரத்தைப் போக்கி, பக்கத்துப் பலகையைக் கழற்றினால்... அடேயப்பா! சில்லின் மேல் இருக்கும் விசிறியும் அதன் அடியில் உள்ள உலோகத் தகடுகளும் கம்பளி போல் தூசி மூடிக் கிடந்தன. வெறும் தூசியாக இருந்தால் ஊதினால் போகும். இது பிசுபிசுத்து ஒட்டியிருந்தது. காரணம், நான் மறக்க வேண்டாமென்று சொன்ன உப்பு.

மழைக்காலத்தில் உங்கள் சமையலறை உப்பு ஜாடி நீர் விடுகிறதல்லவா? காற்றில் ஈரப்பதம் சுமார் 75 சதவிகிதத்துக்கு மேல் போனால் உப்பு தண்ணீரை இழுத்துத் தானும் கரைந்து விடும். கடற்கரை வீட்டில் தூசியோடு உப்பும் சேர்ந்து உள்ளே படிகிறது. இரவில் நீர் விட்டு ஈரமாகிறது. உப்புத் தண்ணீர் மின்சாரத்தைக் கடத்தும்; செம்பையும் ஈயப்பற்றையும் அரிக்கும். தூத்துக்குடி, நாகப்பட்டினம், ராமேசுவரம், சென்னைத் திருவான்மியூர் என்று கடலோரம் குடியிருக்கும் சகோதரிகள் எல்லோரும் இதைக் குறித்துக் கொள்ள வேண்டும். பெட்டியை மாதக்கணக்கில் மூடிப் போடாமல், வாரத்தில் ஒன்றிரண்டு தடவை அரை மணியாவது ஓட விடுங்கள். அந்தச் சூடே ஈரத்தை ஓட்டும். உறை போடலாம், ஆனால் அணைத்துச் சூடு ஆறிய பிறகு.

சுத்தம் செய்ய, காய்ந்த மிருதுவான பெயிண்ட் பிரஷ் போதும். ஈரத்துணி கூடாது. விசிறி இறக்கையை ஒரு விரலால் பிடித்துக் கொண்டு துடைக்க வேண்டும். உள்ளே கை வைக்குமுன் பெட்டியின் உலோகச் சட்டத்தைத் தொட்டு விடுங்கள். உடம்பிலுள்ள நிலை மின்சாரம் சில்லுகளைக் கெடுக்காமல் இருக்கும். 'ராம்' என்னும் நினைவுப் பட்டையை இரு பக்கக் கொக்கிகளையும் விலக்கி எடுத்து, மறுபடி 'டக்' என்று உட்காரும்படி அழுத்தினால் பல பெட்டிகள் அதிலேயே குணமாகி விடும். அதன் தங்க முலாம் பூசிய விளிம்பை அழி ரப்பரால் தேய்க்கும் வழக்கம் நம் ஊர்களில் உண்டு. முலாம் மிகவும் மெல்லியது. அழுத்தித் தேய்த்தால் அதுவே போய் விடும். மின்சாரம் வரும் இரும்புக் கூடு ஒன்று மூலையில் இருக்கும். அதை மட்டும் திறக்கவே கூடாது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதற்குள் மின்சாரம் தங்கியிருக்கும். உள்ளேயுள்ள சிறு உருளைகளின் தலை ஆப்பம் போல் உப்பியிருந்தாலும் நீங்கள் கை வைக்காமல் ரிப்பேர்க்காரரிடம் காட்டுங்கள்.

எல்லா மௌனத்துக்கும் உஷ்ணமும் டிஸ்க்கும்தான் காரணமென்று எண்ணி விடாதீர்கள். அடுத்த தடவை உங்கள் பெட்டி நின்றால், பதறிச் சுவிட்சை அணைக்குமுன் இவற்றைப் பாருங்கள்:

ஒன்று: 'காப்ஸ் லாக்' பொத்தானைத் தட்டுங்கள். அதன் சிறு விளக்கு எரிந்து அணைந்தால் பெட்டிக்கு உயிர் இருக்கிறது. ஏதோ ஒரு புரோகிராம்தான் முரண்டு பிடிக்கிறது. 'கண்ட்ரோல்', 'ஷிப்ட்', 'எஸ்கேப்' மூன்றையும் சேர்த்து அழுத்தினால் 'டாஸ்க் மானேஜர்' வரும். முரண்டு பிடிப்பதைத் தேர்ந்து 'எண்ட் டாஸ்க்' கொடுங்கள். விளக்கே அசையாவிட்டால்தான் சுவிட்சைப் பத்து விநாடி அழுத்திப் பிடித்து அணைப்பது.

இரண்டு: அதே டாஸ்க் மானேஜரில் நினைவு, டிஸ்க் இரண்டும் எத்தனை சதவிகிதமென்று தெரியும். நீங்கள் ஒன்றும் செய்யாதபோதே டிஸ்க் வெகு நேரம் நூறிலேயே நின்றால் அதைச் சந்தேகிக்கலாம். நினைவு நிரம்பி வழிந்தால், திறந்து போட்டிருக்கும் ஜன்னல்களை மூடுங்கள்.

மூன்று: டிஸ்க்கில் பத்தில் ஒரு பங்காவது காலியாக இருக்கட்டும். சாமான் நிறைந்த உக்கிராண அறையில் எதையும் தேடி எடுக்க முடியாதல்லவா? வைரஸ் தடுப்புப் புரோகிராம் ஒன்று போதும். இரண்டு வைத்தால் இரண்டும் ஒன்றையொன்று திருடனென்று பிடித்துக் கொண்டு நிற்கும்.

நான்கு: நிற்பது வேறு, அணைவது வேறு. பட்டென்று அணைந்தால் மின்சாரத்தையும் யூ.பி.எஸ். பாட்டரியையும் பாருங்கள்.

ஐந்து: 'உங்கள் கம்ப்யூட்டர் பூட்டப்பட்டது, உடனே இந்த நம்பருக்குப் போன் செய்யுங்கள்' என்று திரை முழுவதும் எழுத்து வந்து, குரலும் மிரட்டினால் அது கோளாறே இல்லை, மோசடி. போன் செய்யாதீர்கள். அணைத்து விடுங்கள். ஏற்கெனவே பணம் கொடுத்து ஏமாந்திருந்தால், வெட்கப்பட்டுக் கொண்டு இராமல் உடனே 1930 என்ற எண்ணுக்குச் சொல்லுங்கள். அது சைபர் குற்றங்களுக்கான அரசாங்க உதவி எண்.

தமிழ்நாட்டு அரசு 2011-ல் மாணவர்களுக்கு இலவச லாப்டாப் கொடுக்கத் தொடங்கியது முதல், அந்தப் பழைய யந்திரங்களை வைத்திருக்கும் வீடுகள் ஏராளம். 'விண்டோஸ் 7'-க்கு 2020 ஜனவரி 14-ந் தேதியோடும், 'விண்டோஸ் 10'-க்கு 2025 அக்டோபர் 14-ந் தேதியோடும் வழக்கமான பாதுகாப்புத் திருத்தங்கள் நின்று விட்டன. அப்படிப்பட்டவற்றில் பாங்கிக் கணக்குப் பார்ப்பதைத் தவிர்ப்பது நல்லது.

ரிப்பேர்க்காரரை அழைத்தால் மூன்று வாக்கியம் சொல்லுங்கள்: 'என்னைக் கேட்காமல் பார்மட் செய்யக் கூடாது. செலவு எவ்வளவென்று முதலில் சொல்ல வேண்டும். மாற்றிய பழைய டிஸ்க்கை என்னிடமே திருப்பித் தர வேண்டும்.' பழைய டிஸ்க்கில் உங்கள் வீட்டுப் படங்கள் இருக்கின்றன. அது யார் கையிலோ போய்ச் சேருவானேன்?

டீச்சரும் அப்படியே சொன்னார். திருச்செந்தூரிலிருந்து வந்தவர் பழைய டிஸ்க்கை எடுத்து விட்டு, சுழலும் பாகமே இல்லாத புது மாதிரி டிஸ்க் ஒன்றைப் பொருத்தினார். இப்போது பகல் இரண்டு மணிக்கும் பெட்டி ஒழுங்காக ஓடுகிறது என்று டீச்சர் எழுதியிருக்கிறார். பக்கத்து வீட்டுப் பையனும் இப்போது யார் வீட்டுப் பெட்டி நின்றாலும் முதலில், "பிரதி எடுத்தாச்சா?" என்றுதான் கேட்கிறானாம்.

கடிதத்தோடு ஆண்டு நினைவு அட்டை ஒன்றும் வந்திருந்தது. வள்ளத்தின் ஓரத்தில் உட்கார்ந்து அந்த மனிதர் சிரித்துக் கொண்டிருக்கிறார். கடிதத்தின் அடியில் டீச்சர் ஒரு வரி சேர்த்திருந்தார்: அந்தப் பூ வேலை உறை இப்போது கோயில் ஆர்மோனியத்துக்குப் போய் விட்டதாம். அது சூடாகாதே என்று கேட்டிருக்கிறார்.

ஆகாது, டீச்சர்! தாராளமாகப் போர்த்துங்கள்.